முக்கால் முழ நாடா

ஜூன் 3, திங்கள்

வலி: இல்லை.

கம்பெனி கொடுத்த நோட்டு இது. நீல அட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே 'வலி' என்று அச்சடித்துப் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். எங்கே வலிக்கிறது, எந்த வேலையில் வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று தினமும் எழுத வேண்டுமாம். ஐந்து வாரம் கழித்து வாங்கிப் படிப்பார்களாம்.

இதைக் கொண்டுவந்தவள் பெனிட்டா என்று ஒருத்தி. திருச்சிக்காரி, பிசியோதெரபி படித்தவள். வேலை செய்து செய்து கை, கழுத்து, முதுகு கெட்டுப்போகாமல் முன்கூட்டியே தடுப்பதுதான் அவள் உத்தியோகமாம். எங்கள் பனியனை வாங்குகிற வெளிநாட்டு பையர் சொன்னதால் ஐந்து வாரத்துக்கு வைத்திருக்கிறார்கள். என் மகள் தாரணியைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள். இருபத்திரண்டு வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிற எனக்கு, எப்படி நிற்பது என்று சொல்லித்தர வந்துவிட்டாள். எல்லாம் என் நேரம்!

நான் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, தொங்குகிற நூல் பிசிறைக் கத்திரியால் வெட்டி அனுப்புவது எங்கள் வேலை. எனக்குக் கீழே இருபத்திரண்டு பெண்கள். சூப்பர்வைசர் ஆன பிறகும் நான் கத்திரியைக் கீழே வைக்கவில்லை. முதல் மேசை என்னுடையது.

வலி என்று எழுதினவள் கதி எனக்குத் தெரியும். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், வேறொரு கம்பெனியில், என் பக்கத்து மேசையில் ருக்குமணி என்று ஒருத்தி நின்றாள். தோளைத் தூக்க முடியவில்லை என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை கேட்டில் அவள் வருகைக் கார்டு இல்லை. "உங்க கார்டக் காணமுங்களே" என்றான் வாட்ச்மேன். என் கார்டு இருந்தது. மணி எட்டரை ஆகிவிட்டது. நான் கார்டை அடித்துவிட்டு உள்ளே போனேன். வேறென்ன செய்ய முடியும்?

நோட்டில் டீ கொட்டிவிட்டது என்று சொல்லி பெனிட்டாவிடம் இன்னொன்று வாங்கிக்கொண்டேன். கொடுக்கப்போவது அதைத்தான். அதில் எல்லாப் பக்கத்திலும் 'இல்லை'. இந்த நோட்டு என் வயிற்றெரிச்சலைக் கொட்ட.

ஜூன் 6, வியாழன்

வலி: இல்லை.

பதினொரு மணிக்கு மெஷின்களை நிறுத்தி ஐந்து நிமிடம் எக்ஸர்சைஸ். கழுத்தை இப்படித் திருப்பு, தோளை அப்படிச் சுற்று. என் செக்ஷன் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் எத்தனை பீஸ் போகும் என்று யாருக்காவது கவலை இருக்கிறதா? நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் பெனிட்டா ஒன்று சொன்னாள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்க வேண்டும். "யாருக்காவது சுள்ளுன்னு வலிச்சா என்கிட்ட வாங்க" என்றாள். நேரே என்னைப் பார்த்து, "நீங்களும் பண்ணுங்கக்கா" என்றாள்.

"எனக்கொண்ணும் பண்ண வேண்டியதில்லீங். நீங்க உங்க சோலியப் பாருங்" என்றேன். முகம் சுருங்கிப் போனாள். சுருங்கட்டும்.

ஜூன் 7, வெள்ளி

வலி: இல்லை.

பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அதைச் சும்மா செய்து பார்த்தேன். இடது கை நல்ல கை.

ஜூன் 10, திங்கள்

வலி: இல்லை.

ஸ்கூட்டி ஆக்சிலேட்டர் இறுகிக் கிடக்கிறது. திருகவே முடியவில்லை. மெக்கானிக்கிடம் விட்டேன். அந்த மகராசன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் மாதிரி இருக்குதுங்க்கா" என்கிறான். வேலை தெரியாத கழுதை. தாரணியும் ஓட்டிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் பேசினாள். இனி கம்பெனி வேனில் போகப்போகிறேன். பெட்ரோல் புகையை முழுங்க வேண்டியதில்லை.

ஜூன் 12, புதன்

வலி: இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் இருபத்திரண்டு பேரையும் வட்டமாக உட்காரவைத்தேன். நோட்டை எல்லாரும் எடுங்கள் என்றேன். இனிமேல் தினமும் என் முன்னால்தான் எழுத வேண்டும், 'இல்லை' என்றுதான் எழுத வேண்டும், எழுதிய நோட்டு என் பீரோவில்தான் இருக்க வேண்டும்.

மைனாவதி என்று ஒருத்தி, நாலாவது மேசை. தர்மபுரிக்காரி, கைக்குழந்தைக்காரி. பேனாவைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறாள்.

"அக்கா, எனக்கு நெசமாவே சோத்தாங்கைத் தோளு வலிக்குதுக்கா. பாப்பாவத் தூக்க முடியல. எழுதட்டுமா?"

"எழுது. எழுதிப்போட்டு அடுத்த வாரம் கேட்டுக்கு வெளியில நின்னு பாப்பாவத் தாலாட்டு. ஆருக்குத்தான் வலிக்கல? பேசாம 'இல்லை'ன்னு போடு அம்மிணி."

போட்டாள். மற்ற பெண்களும் போட்டார்கள்.

'ஆருக்குத்தான் வலிக்கல' என்றது சும்மா ஒரு பேச்சுக்கு. கோபத்தில் வாயில் வருவதையெல்லாம் பிடித்து வைக்க முடியுமா?

ஜூன் 14, வெள்ளி

வலி: இல்லை.

டீ கிளாஸ் கையிலிருந்து நழுவி உடைந்தது. இந்தக் கேன்டீன்காரன் கிளாஸைச் சோப்புப் போகக் கழுவுவதே இல்லை.

ஜூன் 19, புதன்

வலி: இல்லை.

இன்றைக்கு அந்தப் பெனிட்டாவைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாதது ஒன்றுதான் குறை.

காலையில் டேப்போடு வந்தாள். மேசை உயரத்தை அளந்தாள். பெண்களின் முழங்கை உயரத்தை அளந்தாள். பிறகு கத்திரியைக் கையில் எடுத்தாள். எங்கள் செக்ஷனில் ஒவ்வொரு கத்திரியும் மேசைக் காலில் நாடா போட்டுக் கட்டியிருக்கும். அந்த நாடாவை இழுத்துப் பார்த்தாள்.

"இது ஏன் இவ்ளோ குட்டையா இருக்கு?"

சொன்னேன். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கத்திரி பனியனுக்குள் மடிந்து, பெட்டிக்குள் போய், கப்பலேறிவிட்டது. அதுவும் குழந்தைகள் பனியன். பையர் எழுதிய கடிதத்தைப் பார்த்து அன்றைக்குக் கம்பெனியே நடுங்கியது. அன்றுமுதல் முக்கால் முழ நாடா. கத்திரி மேசை விளிம்பைத் தாண்டாது. கத்திரி துணியிடம் போகாது, துணிதான் கத்திரியிடம் வரவேண்டும். எட்டு வருடத்தில் ஒரு கத்திரி தொலைந்ததில்லை. வேறு எந்தக் கம்பெனியில் உண்டு இது?

அவள் பாராட்டுவாள் என்று நினைத்தேனா என்ன. மைனாவதியை வெட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று எண்ணினாள்.

"பாருங்கக்கா. நாடா எட்டாததால ஒவ்வொரு வெட்டுக்கும் குனியறாங்க, தோளக் கீழ இறக்கி மணிக்கட்ட முறுக்கறாங்க. ஒரு பீஸுக்குப் பத்து வெட்டு, அறுநூறு பீஸ். தினம் ஆறாயிரம் முறுக்கு. எந்தக் கை தாங்கும்? நாடாவ ரெண்டு முழமாக்கி மேல டியூப்லைட் கம்பியில கட்டுங்க. பேக்கிங் பெட்டியக் கத்திரி எட்டாதபடி பின்னாடி தள்ளி வைங்க. கத்திரி தொலையவும் தொலையாது, கையும் கெடாது."

பிறகு பெண்களைப் பார்த்து, "இத இப்படிக் கட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

இருபத்திரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"கம்பெனி ரூலுங்" என்றேன்.

"அப்ப மேனேஜர்கிட்டப் பேசறேன்."

"தாராளமாப் பேசுங். நாளைக்கு ஒரு கொழந்தைக்குக் கத்திரி குத்துச்சுன்னா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களாக்கும்?"

எல்லாப் பெண்களும் கேட்கும்படி கத்தினேன். நாடாவை அன்றைக்கு அளந்து வெட்டியது நான்தான் என்பது ஒருத்திக்கும் தெரியாமல் இல்லை. காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பயம் இருக்கிறதே, அது நல்லது.

ஜூன் 23, ஞாயிறு

வலி: இல்லை.

தாரணி தலைவாரிப் பின்னல் போட்டுவிட்டாள். "எத்தன நாளைக்கும்மா நானே பின்னிவுடறது? கையக் காட்டு, டாக்டர்கிட்டப் போலாம்" என்று ஆரம்பித்தாள். பெற்றவளுக்குத் தலைவாரி விட ஒரு மகளுக்குச் சலிப்பு என்றால் என்ன காலம் இது! அப்படியே எழுந்து கொண்டை போட்டுக்கொள்ளப் பார்த்தேன். ஊசியும் தலையில் நிற்கவில்லை. ஊசிகூட இப்போதெல்லாம் மட்டம்.

சப்பாத்திக்கு மாவு பிசையவில்லை. உப்புமா போதும்.

ஜூன் 26, புதன்

வலி: இல்லை.

புரொடக்‌ஷன் மேனேஜர் சென்னியப்பன் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் பல்.

"சபாஷ்க்கா! அந்தப் புள்ள நடுவுல ஒருக்கா எல்லா செக்ஷன் நோட்டையும் வாங்கி எட்டிப் பாத்துட்டு ரிப்போர்ட் குடுத்திருக்குது. தையல்ல வலி, அயர்ன்ல வலி, பேக்கிங்ல வலி. உங்க செக்ஷன்ல ஒருத்தருக்கு, ஒரு நாளு, ஒரு வலி கெடையாது. அதனால செக்கிங்குக்குப் புது மேசையும் வேண்டாம், நாடா மாத்தறதும் வேண்டாம்னு எழுதிட்டேன்."

"சரீங் சார்" என்றேன்.

"இன்னொண்ணு. அந்த நாலாவது மேசை மைனாவதி. ஒரு மாசமா கை ஓடவே மாட்டீங்குது. தெனம் நூறு பீஸ் கம்மி. வலியும் இல்லேன்னு அவ கைப்படவே எழுதியிருக்கறா. வலியும் இல்ல, வேலையும் ஓடலேன்னா அப்பறம் அதுக்குப் பேரென்னங்க்கா? சோம்பேறித்தனந்தான? இந்த ஷிப்மென்ட் முடியட்டும், அனுப்பிச்சரலாம். நீங்களே சொல்லீருங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

வலி என்று எழுதினால் வேலை போய்விடும் என்று அவளை எழுதவிடாமல் செய்தவள் நான். எழுதாததால் போகிறது. சென்னியப்பன் மேல் வந்த கோபத்தில் மத்தியானச் சோற்றை அப்படியே கொட்டினேன். அந்த ஆளுக்கு இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்திரி கிடைத்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தது நான்.

மைனாவதியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 28, வெள்ளி

வலி: இல்லை.

நாலாவது மேசையில் ஒரு வெள்ளைப் பனியனில் ரத்தம். மைனாவதி விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "கண்ணு பொடனியிலயா இருக்குது உனக்கு?" என்று கத்திக்கொண்டே போனேன். போனபிறகுதான் பார்த்தேன், கத்திரி அவள் இடது கையில் இருந்தது.

"வலது கை வரவே மாட்டீங்குதுக்கா. பீஸ் கொறையுதுன்னு எடது கையில வெட்டிப் பாத்தேன். மேனேஜர் சார்கிட்டச் சொல்லிடாதீங்கக்கா."

விரலில் துணி சுற்றிவிட்டேன். ஆத்திரம் அடங்கவில்லை. "எடது கையில புடிக்கறதுன்னா இப்படிப் புடிக்கக் கூடாது. வளையத்துல விரல நொழைக்காத. உள்ளங்கையில படுக்க வெச்சு, மூணு விரலால அமுத்து. பீஸ மேசை மேல வெச்சு முழங்கையால அமுக்கிக்க. இங்க பாரு" என்று கத்திரியை வாங்கி நாலு பீஸ் வெட்டிக் காட்டினேன். மளமளவென்று போயிற்று.

அவள் பனியனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க எப்ப எடது கையில பழகினீங்க?"

"வேலையப் பாருடி" என்றேன்.

ஜூலை 1, திங்கள்

வலி:

பெனிட்டா மாடிப்படிக்கு அடியில் தனியாக டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்று வலது கையை நீட்டினேன்.

"பாத்துச் சொல்லுங். ஆனா ஐயோ பாவம்னு மூஞ்சியத் தூக்கி வெச்சீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன்."

கட்டைவிரலை மடக்கி மணிக்கட்டைச் சாய்த்தாள். நான் பல்லைக் கடித்தது கேட்டிருக்கும். கட்டைவிரலுக்குப் போகிற நரம்பு உறை வீங்கி இறுகிக் கிடக்கிறதாம். நரம்பு என்று நான் சொல்கிறேன், அவள் வேறு ஏதோ பேர் சொன்னாள். பட்டை கட்டி, அந்த முறுக்கு வேலையை நிறுத்தினால் இப்போதும் சரியாக வழி இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் இப்படியே போனால் கத்திவைக்க வேண்டி வரும், பிடி பழையபடி வருமா என்று சொல்ல முடியாது.

"எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டாள்.

கையை இழுத்துக்கொண்டேன்.

"மைனாவதிக்கும் இதே நாடாதான் காரணம். தோள்ல ஆரம்பிச்சிருக்கு, இப்பவே பாத்தா முழுசாச் சரியாயிடும். ஆனா நோட்டுல ஒரு வார்த்தை இல்லாம நான் எதை வெச்சுப் பேசறது? வெள்ளிக்கிழமையோட என் வேலை முடியுது."

அழுகிறவள் மாதிரி இருந்தாள். அழுதிருந்தால் திட்டியிருப்பேன்.

ஜூலை 4, வியாழன்

முதல் வேனில் ஏழரைக்கே போய்விட்டேன். ஸ்டோரிலிருந்து நாடா ரோலை எடுத்தேன். முக்கால் முழ நாடாக்களை ஒவ்வொரு மேசையாகப் போய் வெட்டி எறிந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, டியூப்லைட் கம்பியில் இரண்டிரண்டு முழமாகக் கட்டித் தொங்கவிட்டேன். பெட்டிகளைச் சுவரோரம் தள்ளினேன். முடிச்சுப் போடும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. தூசி என்று எழுதலாம்தான். தூசி இல்லை.

ஒன்பது மணிக்குச் சென்னியப்பன் வந்தார்.

"இத ஆரக் கேட்டு மாத்துனீங்க?"

"எட்டு வருசத்துக்கு முன்னாடி ஆரக் கேட்டுக் கட்டினேனோ அவங்களக் கேட்டுத்தானுங்" என்றேன்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பீரோவைத் திறந்து நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். "ஆராருக்கு எங்கெங்க வலிக்குதோ, உள்ளதை எழுதுங்க" என்றேன். ஒருத்தியும் தொடவில்லை. ஏதோ சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நினைக்கத்தான் செய்வார்கள், நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

இந்த நோட்டை எடுத்து அவர்கள் நடுவில் வைத்து, வலது கையால் எழுதினேன். எழுத்து காக்கா கிறுக்கினது போல வந்தது. எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினேன்:

வலி எங்கே: வலது கட்டைவிரல், மணிக்கட்டு. எந்த வேலையில்: பிசிறு வெட்டும்போது. எத்தனை நாளாக: எட்டு வருடம். காரணம்: நாடா. கட்டியவள்: சம்பூர்ணம்.

பிறகு மைனாவதி என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 5, வெள்ளி

வலி: இருக்கிறது.

இருபத்திரண்டு நோட்டையும் பெனிட்டா மேசையில் வைத்தாயிற்று. இதையும் கொடுக்கப்போகிறேன். பெனிட்டா, இதைப் படிக்கப்போவது நீதான். உன்னைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் அடிக்கமாட்டேன். ஸ்கூட்டி கதையைப் படித்துச் சிரித்தாயோ, தொலைத்துவிடுவேன்.

ஜூலை 8, திங்கள்

வலி: இருக்கிறது.

இது இரண்டாவது நோட்டு. பாக்கிப் பக்கமெல்லாம் முன்னாலேயே 'இல்லை' என்று எழுதித் தொலைத்துவிட்டேன். கடைசிப் பக்கம்தான் மிச்சம். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் பட்டை.

காலை எட்டரை. கேட்டில் விரல் வைக்கிற மெஷினில் இடது கை விரலை வைத்தேன். போன வருடமே இரண்டு கை விரலும் பதிவுதான். சிவப்பு விளக்கு. மறுபடியும் வைத்தேன். சிவப்பு. பட்டையை அவிழ்த்து வலது விரலையும் வைத்தேன். சிவப்பு.

வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்காமல், "உங்க பேரு காட்டலீங்களே" என்றான்.

பதினெட்டு வருடமாக இந்த வார்த்தைக்குப் பயந்துதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வந்தேவிட்டது. ஓரமாக ஒதுங்கினேன், பெண்கள் போக வேண்டுமே. மைனாவதிதான் அடுத்து நின்றாள். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அவள் பேர் மெஷினில் இருந்தாலும் இருக்கும். போ என்று கண்ணால் காட்டினேன்.

அவள் மெஷினில் விரல் வைக்காமல் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"உள்ள போ புள்ள. வேலை போயிரும்."

"நீங்க வந்தா வர்றேன்க்கா."

பின்னால் வந்தவளும் விரல் வைக்கவில்லை. அதற்குப் பின்னால் வந்தவளும் வைக்கவில்லை. ஒன்பது மணிக்கு இருபத்திரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றார்கள். தையல்காரர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். ஷிப்மென்ட் வியாழக்கிழமை. செக்கிங் ஓடாமல் ஒரு பெட்டிகூட நகராது.

வெயில் ஏறிக்கொண்டே வந்தது. நின்று நின்று ஒருத்தி முதுகைப் பிடித்துக்கொண்டாள். மைனாவதி, "சும்மாதான நிக்கறோம், எக்ஸர்சைஸாவது பண்ணுவோம்" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லாரும் கழுத்தைத் திருப்பினார்கள். தோளைச் சுற்றினார்கள். ஐந்து வாரத்தில் முதல்முறையாக நானும் செய்தேன். ரோட்டில் போகிறவன் வருகிறவனெல்லாம் பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பத்தேகாலுக்குச் சென்னியப்பன் இறங்கி வந்தார். பெனிட்டாவின் ரிப்போர்ட் பையருக்குப் போய்விட்டதாம், அவர்கள் நாடாவைப் பற்றிக் கேட்டு மெயில் போட்டிருக்கிறார்களாம். "மெஷின்ல ஏதோ கோளாறுங்க்கா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் ஸ்கூட்டிக்கு வந்ததே, அதே கோளாறு.

"மைனாவதி பேரும் கோளாறாகாமப் பாத்துக்கங் சார். அது சரின்னு சொன்னாத்தான் நாங்க வருவோம்."

சரி என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. நாளைக்கு என்ன செய்வாரோ, அந்த ஆளை நம்ப முடியாது.

மறுபடி விரல் வைத்தேன். பச்சை. ஆனால் உள்ளே போகவில்லை. ருக்குமணியை விட்டுவிட்டுப் போன மாதிரி இன்னொரு தடவை முதலில் போக எனக்குக் கால் வரவில்லை. இருபத்திரண்டு பேரும் ஒவ்வொருத்தியாக விரல் வைத்து உள்ளே போகும்வரை கேட்டிலேயே நின்றேன். கடைசியாக நான் போனேன்.